நூறாவது ஆடு: புதுக்கோட்டை மண்ணில் கல்வியும் தேர்வும்

ஆண்டுதோறும் மே மாதம் பிறந்ததும் நம் ஊர்ப் பள்ளிகளின் வாயில்களில் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள் எழுந்துவிடுகின்றன. மாணவ மாணவியரின் ஒளிப்படங்கள், அவற்றின் கீழே மதிப்பெண்கள், எல்லாவற்றிற்கும் மேலாகக் கொட்டை எழுத்தில் "100 விழுக்காடு தேர்ச்சி" என்னும் அறிவிப்பு. கத்தோலிக்கப் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. பங்குத் திருவிழாவின் கொடியேற்றத்திற்கு ஈடான பெருமிதத்தோடு அப்பலகைகளை நாம் நின்று பார்க்கிறோம். பிள்ளைகள் உழைத்துப் பெற்ற வெற்றியைக் கொண்டாடுவதில் தவறேதுமில்லை. ஆயினும் அந்த நூறு என்னும் எண் எவ்வாறு உருவாகிறது, அதற்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்பது இறைமக்களாகிய நம் கடமை. இந்தக் கேள்விக்கு விடை தேட வரலாறு நமக்குத் துணை நிற்கிறது. அதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தைக் காட்டிலும் பொருத்தமான களம் தமிழகத்தில் அரிது. ஒரு சமஸ்தானமாக இருந்து, 1948-ஆம் ஆண்டு மார்ச் 3-ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து, திருச்சி மாவட்டத்தின் பகுதியாக விளங்கி, 1974-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள் தனி மாவட்டமாகப் பிறந்த இவ்வறண்ட மண், கல்வியை அளக்கும் பல அளவுகோல்களைக் கண்டிருக்கிறது.

திண்ணையும் மணலும்

தேர்வு என்று இன்று நாம் அறிந்திருக்கும் ஒன்று நம் பழைய பள்ளிகளில் இருந்ததில்லை. திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதினான். கை பழகியபின் ஓலைக்கு மாறினான். எண்சுவடியை உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றினான். முந்திக் கற்றவன் சட்டாம்பிள்ளையாகிப் பிந்தி வந்தவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒன்றைத் தவறின்றிச் சொன்னவன் அடுத்ததற்குச் சென்றான். சொல்ல இயலாதவன் மறுநாளும் அதையே சொன்னான். எல்லாரும் ஒரே நாளில் ஒரே வினாவுக்கு விடை தர வேண்டும் என்ற விதி அங்கில்லை.

1822-ஆம் ஆண்டு சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ தம் ஆட்சிப் பரப்பிலுள்ள பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். வீட்டில் கற்றவர்களையும் சேர்த்தால், பள்ளி வயதுச் சிறுவர்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஏதோ ஒரு வகையில் கல்வி பெற்றார்கள் என்பது அவர் மதிப்பீடு. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் 1983-இல் இக்கணக்குகளை நூலாக வெளியிட்டபோது பலர் வியந்தனர். வியப்பு நியாயமானதே. ஆனால் அக்கணக்கில் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே என்பதையும், தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்ட மக்களுக்குத் திண்ணைகளின் கதவு பெரும்பாலும் அடைபட்டே கிடந்தது என்பதையும் மறக்கலாகாது. தேர்வு இல்லாத பள்ளியிலும் வடிகட்டல் இருந்தது. அது பிறப்பிலேயே நடந்து முடிந்துவிட்டது.

இத்திண்ணைப் பள்ளி உலகிற்கே ஒரு பாடம் கற்பித்தது. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தைக் கண்காணித்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதையும் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் தம் பள்ளியில் புகுத்தினார். 1797-இல் இலண்டனில் அது குறித்து நூல் வெளியிட்டார். "மெட்ராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது.

நம் மறைப்பணி வரலாறும் இக்காலத்தோடு பின்னிப் பிணைந்தது. இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தின் ஆவூர், பழைய மதுரை மறைபரப்புப் பணித்தளத்தின் முக்கிய மையங்களுள் ஒன்று. வெனான்சியுஸ் புஷே அடிகளாரின் பெயரோடும் வீரமாமுனிவரின் பெயரோடும் அத்தலத்தை இணைத்துப் பேசுவது மரபு. 1710-இல் இந்தியா வந்த வீரமாமுனிவர், தமிழ் எழுத்தில் எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் கண்ணால் வேறுபடுத்திப் படிக்க வழிசெய்தார். ஓலையில் புள்ளி இடுவது அரிதாகையால் குறிலும் நெடிலும் ஒன்றுபோலவே எழுதப்பட்ட காலம் அது. கற்றவருக்கு இடம் நோக்கிப் பொருள் விளங்கிவிடும். புதிதாகக் கற்பவரோ தடுமாறுவார். வீரமாமுனிவரின் திருத்தம் புலவர்களைவிட எளியவர்களுக்கே அதிகம் உதவியது. கற்பவரின் இடர்ப்பாட்டை அறிந்து எழுத்தையே மாற்றிய அந்த மனப்பாங்கை, பின்வரும் வரலாற்றைப் படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

விளைவுக்கேற்ற ஊதியம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நிலைமை மாறியது. 1854-ஆம் ஆண்டின் சார்லஸ் வுட் அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு நிதியுதவி வழங்கும் கொள்கையை வகுத்தது. இன்று நம் மறைமாவட்டங்கள் நடத்தும் அரசு உதவிபெறும் பள்ளிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. நிதி கொடுத்தால் கணக்குக் கேட்க வேண்டும். எதைக் கொண்டு கணக்குக் கேட்பது?

இங்கிலாந்தில் இராபர்ட் லோ என்பவர் 1862-இல் ஒரு விடை கண்டார். ஆய்வாளர் ஆண்டுக்கு ஒருமுறை பள்ளிக்கு வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் படிப்பு, எழுத்து, கணக்கு என மூன்றிலும் சோதிப்பார். தேறிய பிள்ளை ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று பள்ளிக்குப் பணம் கிடைக்கும். தவறினால் அந்த அளவு குறையும். "விளைவுக்கேற்ற ஊதியம்" என்ற இம்முறை சில ஆண்டுகளிலேயே கடல் கடந்து சென்னை மாகாணத்திற்கும் வந்தது. கிராமத் திண்ணை ஆசிரியர் பலரும் மறைபரப்புச் சபைகளின் தொடக்கப் பள்ளிகள் பலவும் இம்முறையின்கீழ் உதவி பெற்றன.

அதன் நன்மையை மறுப்பதற்கில்லை. அதுவரை அரசின் கண்ணில் படாத சிற்றூர்ப் பள்ளிகளுக்கும் சிறிது பணம் சென்றது. ஆனால் அதன் கேடு இங்கிலாந்திலேயே வெளிப்பட்டுவிட்டது. பள்ளி ஆய்வாளராகப் பணியாற்றிய கவிஞர் மேத்யூ ஆர்னால்டு, இம்முறை வகுப்பறையை உயிரற்றதாக்குகிறது என்று ஆண்டுக்காண்டு எழுதினார். பாடநூலைத் தலைகீழாக ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு அதே சொற்கள் வேறோரிடத்தில் வந்தால் படிக்கத் தெரியவில்லை. எதற்குப் பணம் உண்டோ அது மட்டுமே கற்பிக்கப்பட்டது. மெல்லக் கற்கும் பிள்ளை ஆசிரியரின் கண்ணுக்கு இழப்பாகத் தோன்றத் தொடங்கினான். 1882-இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக்குழு இம்முறையின் நிறைகுறைகளை விரிவாக ஆராய்ந்தது. 1904-ஆம் ஆண்டு கர்சன் காலத்தில் வெளியான கல்விக் கொள்கைத் தீர்மானம் அதற்கு எதிராகவே பேசியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்முறை கைவிடப்பட்டது.

முறை மறைந்தது; மனப்பாங்கு மறையவில்லை. பள்ளியின் மதிப்பைத் தேறியோரின் எண்ணிக்கையால் அளக்கும் பழக்கம் அன்று நம் நாட்டில் வேரூன்றியது. பணத்தின் இடத்தைப் பின்னாளில் புகழ் பிடித்துக்கொண்டது.

கதவைத் திறந்த தேர்வு

தேர்வு என்பது கேடு மட்டுமே விளைத்தது என்று சொன்னால் வரலாற்றுக்கு நாம் உண்மையாக இருக்க மாட்டோம். புதுக்கோட்டைச் சமஸ்தானமே அதற்குச் சான்று தருகிறது. 1878 முதல் 1894 வரை அங்கு நிருவாகப் பொறுப்பிலிருந்த அ. சேஷையா சாஸ்திரி காலத்தில் நகரம் புத்துருவம் பெற்றது. அரசரின் பள்ளி 1880-இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வு சமஸ்தானத்து இளைஞர்களையும் மாகாணத்து இளைஞர்களையும் ஒரே தராசில் நிறுத்தியது.

அந்தத் தராசில் ஏறியவர்களுள் ஒருவர் 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி. வயதுக்கு வந்த பெண் பள்ளிக்குச் செல்வதை ஊர் ஏற்காத காலம். அவர் வீட்டிலிருந்தே படித்து 1902-இல் மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெண் வந்தால் ஆண் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்றுகூடச் சொன்னார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தடைகளை நீக்கி 1904-இல் அவரைச் சேர்க்க ஆணையிட்டார். 1912-இல் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர் சட்டமன்றத்தின் துணைத்தலைவரானார். தேவதாசி முறை ஒழிப்புக்குப் போராடினார். அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழக் காரணமானார்.

அவருக்கு வகுப்பறை மறுக்கப்பட்டது, தேர்வுத்தாள் மறுக்கப்படவில்லை. எழுதியவர் ஆணா பெண்ணா, எக்குலத்தவர் என்று விடைத்தாள் கேட்பதில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் பொதுத் தேர்வை இன்றும் நம்புவதற்கு இதுவே காரணம். ஆகவே தேர்வு வேண்டுமா, வேண்டாமா என்று நின்றுவிடாமல், ஒரு தேர்வு யாருக்குக் கதவைத் திறக்கிறது, யாருக்கு அடைக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

1911-இல் சென்னை மாகாணம் மெட்ரிகுலேஷனுக்கு மாற்றாக எஸ்.எஸ்.எல்.சி. என்னும் பள்ளியிறுதிச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. முதியோர் பலர் தங்கள் பெட்டியில் இன்றும் பாதுகாக்கும் அந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தின் கதை சுவையானது. தொடக்கத்தில் அதில் "தேர்ச்சி", "தோல்வி" என்ற தீர்ப்பே கிடையாது. பள்ளியில் பல ஆண்டுகளாக மாணவன் பெற்ற மதிப்பெண்களும் பொதுத் தேர்வு மதிப்பெண்களும் அருகருகே பதியப்பட்டன. கல்லூரிக்குத் தகுதி உண்டா என்பதைப் பல்கலைக்கழகம் தனியே முடிவு செய்தது. ஒரு நாளின் எழுத்தைக் கொண்டு ஒரு பிள்ளையை எடைபோடக் கூடாது என்ற நல்லெண்ணம் அதில் இருந்தது. ஆனால் வேலை கொடுப்பவரும் பெண் கொடுப்பவரும் கேட்டது ஒரே கேள்விதான்: "பாஸா, பெயிலா?" சமூகத்தின் அக்கேள்வி சான்றிதழின் நோக்கத்தையே விழுங்கிவிட்டது.

தெருவிளக்கின் கீழே ஒரு பாடத்திட்டம்

இனி இம்மாவட்டத்தின் மிகப் பெருமைக்குரிய அத்தியாயத்திற்கு வருவோம். 1988-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டம் 1990 பிப்ரவரியில் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டபோது, தமிழகத்திலும் உற்சாகம் பிறந்தது. புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் முன்னின்றார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர், ஆசிரியர்கள், கல்லூரி மாணவர்கள், ஊர்ப் பெண்கள் என எண்ணற்றோர் ஊதியமின்றித் தொண்டாற்றினர். மாலை வேளைகளில், வயலிலும் கல்லுடைக்கும் இடத்திலும் உழைத்துக் களைத்து வந்தவர்கள் தெருவிளக்கின் கீழும் திண்ணைகளிலும் அமர்ந்து எழுத்துக் கூட்டினர். கற்பவரும் கற்பிப்பவரும் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகச் சென்றனர்.

அங்கேயும் பாடத்திட்டம் இருந்தது, தேர்வும் இருந்தது. தேசிய இயக்கம் வகுத்த அளவு மிகத் தெளிவானது. தமக்கு ஆர்வமுள்ள எளிய பகுதியை நிமிடத்திற்கு 30 சொல் என்னும் வேகத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். பார்த்து எழுதுவதில் நிமிடத்திற்கு 7 சொல், சொல்வதைக் கேட்டு எழுதுவதில் 5 சொல். எண்களை 1 முதல் 100 வரை படிக்கவும் எழுதவும் வேண்டும். மூன்று இலக்கம் வரை கூட்டல் கழித்தல் அறிய வேண்டும். இதற்கென மூன்று பாடநூல்கள். தேர்வுகள் அந்நூல்களுக்குள்ளேயே அமைந்திருந்தன. ஒரு பகுதியை முடித்த கற்போர் தாமே தம்மைச் சோதித்துப் பார்த்துக்கொள்வார். இயலவில்லையெனில் மீண்டும் படிப்பார். இயன்றால் அடுத்த பகுதிக்குச் செல்வார். தோற்றவர் பட்டியல் எங்கும் ஒட்டப்படவில்லை. அரசு அச்சிட்ட பாடநூலுக்குள் பழைய திண்ணைப் பள்ளியின் முறை மீண்டும் உயிர்பெற்றது என்றே சொல்லலாம்.

புதுக்கோட்டை அங்கேயே நிற்கவில்லை. எழுத்தோடு சைக்கிள் ஓட்டுவதும் பெண்களுக்கான பாடமாயிற்று. பல்லாயிரம் கிராமப் பெண்கள் அதைக் கற்றனர். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்களின் சைக்கிளிலேயே ஏறினர். பேருந்துக்காகக் காத்திருந்த நேரமும், தந்தையையோ கணவரையோ சார்ந்திருந்த நிலையும் குறைந்தன. தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு பெண்கள் சைக்கிளில் செல்லும் காட்சி மாவட்டத்தின் அடையாளமாயிற்று. பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளியிட்ட தம் நூலில் இதை உலகறியப் பதிவு செய்தார். கல்லுடைக்கும் பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்தனர். எத்தனை லோடு ஏற்றப்பட்டது, எவ்வளவு தொகை வர வேண்டும் என்று தாமே எழுதிக் கணக்குப் பார்த்தவர்களை இடைத்தரகர் ஏமாற்றுவது எளிதாக இல்லை. மூன்று இலக்கக் கூட்டலுக்கு இதைவிடச் சிறந்த தேர்வு ஏது? மாவட்ட ஆட்சியரும் பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் இவ்வனுபவத்தை 1996-இல் ஆங்கில நூலாக்கினர்.

1992 ஆகஸ்டில் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது.

அறிவிப்பும் கணக்கெடுப்பும்

வரலாற்றை எழுதுகிறவர் இவ்விடத்தில் சற்றே நிற்க வேண்டும். முழு எழுத்தறிவு என்று அறிவிக்கப்பட்டு ஒன்பது ஆண்டுகளுக்குப்பின் 2001-இல் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, புதுக்கோட்டை மாவட்டத்தின் எழுத்தறிவை ஏறத்தாழ 71 விழுக்காடு என்றது. 2011-இல் அது ஏறத்தாழ 77 விழுக்காடு. பெண்களிடையே 69 விழுக்காடு.

அப்படியானால் 1992-ஆம் ஆண்டின் அறிவிப்பு பொய்யா? அவ்வாறு சொல்வது அவசர முடிவாகும். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள். இயக்கம் குறிப்பிட்ட வயது வரம்புக்குட்பட்டவர்களை மட்டும் இலக்காகக் கொண்டது; அவர்களுள் பெரும்பகுதியினர் அளவை எட்டினால் "முழு" என்று அறிவிப்பது நாடெங்கும் வழக்கம். கணக்கெடுப்போ ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரையும், தொண்ணூறு வயதுப் பாட்டி உட்பட, எண்ணுகிறது. இதோடு மற்றொரு காரணமும் உண்டு. கற்ற எழுத்து பழகாவிட்டால் மறந்துபோகும். படிக்கப் புத்தகமும் எழுதத் தேவையும் இல்லாத வாழ்வில் நிமிடத்திற்கு 30 சொல் என்ற வேகம் நாளடைவில் பத்தாகி, பின் கையெழுத்து மட்டுமே எஞ்சும். நம் நாட்டின் எழுத்தறிவு இயக்கங்கள் பலவற்றிலும், அறிவிப்பு நாளின் ஆரவாரத்திற்கு நிகரான அக்கறை அதன்பின் வந்த தொடர்கல்விக்குக் கிடைக்கவில்லை.

"முழு" என்னும் சொல்லும் "நூறு" என்னும் எண்ணும் மனிதரை மயக்க வல்லவை. எண் எட்டப்பட்டதும் வேலை முடிந்தது என்று கருதிவிடுகிறோம். இருப்பினும் அறிவொளியின் பலனை அந்த விழுக்காட்டில் மட்டும் தேடுவது முறையாகாது. தான் எழுத்து மறந்தாலும் தன் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாத தாயை எந்தக் கணக்கெடுப்பும் தனியே எண்ணுவதில்லை.

வகுப்பறைக்குத் திரும்பிய கேள்வி

அடுத்த முப்பது ஆண்டுகளில் தமிழகம் பாடத்திட்டத்தையும் தேர்வையும் பலமுறை மாற்றி அமைத்தது. தொழிற்கல்விக்கு 1984-இல் வந்த மாநில நுழைவுத்தேர்வு, கிராமப்புற மாணவரைப் பாதிக்கிறது என்ற காரணத்தால் 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நீக்கப்பட்டது. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகப் பிரிந்திருந்த பள்ளிக் கல்வியை 2010-ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டம் ஒன்றாக்கியது. உச்சநீதிமன்றம் 2011 ஆகஸ்டில் அதற்கு வழிவிட்டது. தரம் குறைந்துவிடும் என்று அன்று அஞ்சியவர்களுள் நம் பள்ளிகளின் பெற்றோரும் இருந்தனர். 2017-இல் பொதுத் தேர்வு முடிவுகளில் மாநில, மாவட்டத் தரவரிசையை அறிவிக்கும் வழக்கத்தை அரசு கைவிட்டது. அதே ஆண்டு நீட் தேர்வு நடைமுறைக்கு வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள் படித்துப் பெற்ற மதிப்பெண் மருத்துவ இடத்திற்குப் பயனற்றுப்போனது. தனிப்பயிற்சிக்குப் பணம் கட்ட இயலாத அரசுப் பள்ளி மாணவருக்கு ஈடுசெய்ய 2020-இல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு கொண்டுவரப்பட்டது. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு என்று 2019-இல் வந்த அறிவிப்பு, பெற்றோர், ஆசிரியர் எதிர்ப்பால் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வை நீக்கியது.

இம்மாற்றங்களுக்கிடையே மற்றொரு வகைச் சோதனையும் வளர்ந்துள்ளது. 2021 நவம்பர் 12-ஆம் நாள் நாடெங்கும் 3, 5, 8, 10-ஆம் வகுப்புகளில் தேசிய அடைவு ஆய்வு நடந்தது. தெரிந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் மாதிரிக்காகச் சிலர் மட்டும் எழுதும் தேர்வு இது. இதில் எந்தப் பிள்ளைக்கும் தனி மதிப்பெண் இல்லை, யாரும் தோற்பதில்லை. ஒரு மாவட்டத்தின் பிள்ளைகள் எந்தத் திறனில் பின்தங்கியுள்ளனர் என்று அறிந்து ஆசிரியர் பயிற்சியையும் பாடநூலையும் திருத்திக்கொள்வதே இதன் நோக்கம். காய்ச்சல்மானி வைத்துப் பார்ப்பதுபோல. காய்ச்சல்மானி நோயாளியைத் தண்டிப்பதில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபின் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்கள் தெருக்களிலும் வீட்டு முற்றங்களிலும் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். அறிவொளியை அறிந்தோருக்கு அது பழகிய காட்சி. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் எனக் குழுக்களாக்கியது. அரும்புக்கு மொட்டு எதிரியல்ல. நேரம் கிடைத்தால் அரும்பும் மலரும். பெயரிலேயே ஒரு கல்விக் கொள்கை அடங்கியிருக்கிறது.

ஆயினும் இவற்றிலும் ஆபத்து உண்டு. மாவட்டங்களை வரிசைப்படுத்திப் பின்தங்கியவற்றின் அதிகாரிகளையும் ஆசிரியர்களையும் கடிந்துகொள்ளத் தொடங்கினால், காய்ச்சல்மானியும் பிரம்பாக மாறிவிடும். அப்போது காய்ச்சலை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். விளைவுக்கேற்ற ஊதியத்தின் வரலாறு நமக்குச் சொல்வது இதுவே.

நல்லாயனின் கணக்கு

இப்போது நம் வீட்டை நோக்கித் திரும்புவோம். சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நடத்தும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு நமக்கு அளித்துள்ளது. அவ்வுரிமையை எதற்காகப் பயன்படுத்துகிறோம்? இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1965 அக்டோபர் 28-ஆம் நாள் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பொருளால் வறியோர், குடும்ப ஆதரவும் அன்பும் இழந்தோர், நம்பிக்கையின் கொடையைப் பெறாதோர் ஆகியோரின் தேவைகளுக்குத் தனி அக்கறை காட்டுமாறு திருச்சபையின் மேய்ப்பர்களையும் நம்பிக்கையாளர்களையும் வேண்டுகிறது. மெல்லக் கற்கும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறார்கள்.

நூறு விழுக்காட்டை எட்ட இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பின்தங்கிய பிள்ளையின் அருகில் அமர்ந்து மாலைதோறும் சொல்லிக்கொடுத்து அவனைக் கரையேற்றுவது. மற்றது, ஒன்பதாம் வகுப்பிலேயே அவனை நிறுத்திவைப்பது, மாற்றுச் சான்றிதழ் வாங்கிச் செல்லுமாறு பெற்றோரை அழைத்துச் சொல்வது, தனித்தேர்வராக எழுதச் சொல்வது. முதல் வழியில் நடக்கும் அருள்சகோதரிகளும் ஆசிரியர்களும் நம்மிடையே பலர் உளர். அவர்களை நாம் வணங்குகிறோம். இரண்டாம் வழியும் தமிழகத்தில் எல்லா வகைப் பள்ளிகளிலும் பரவலாக அறியப்பட்டதே. விளம்பரப் பலகையில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும்.

நம் ஆண்டவர் சொன்ன உவமையொன்றை எண்ணிப் பாருங்கள். நூறு ஆடுகள் வைத்திருந்த ஒருவர் ஒன்றை இழந்தார். தொண்ணூற்றொன்பது விழுக்காடு அவரிடம் இருந்தது. நம் காலத்து அளவையில் அது மிகச் சிறந்த அடைவு. அவரோ அந்த எண்ணில் நிறைவு கொள்ளவில்லை. இழந்த ஒன்றைத் தேடிச் சென்றார். அந்த ஆட்டைப் பட்டியிலிருந்து நீக்கிவிட்டு, எஞ்சிய தொண்ணூற்றொன்பதையே முழுமை என்று கணக்கு எழுதும் வழி அவருக்குத் தோன்றவே இல்லை. நல்லாயன் நூற்றை எட்டியது தேடிச் சென்று, தோளில் சுமந்து வந்ததனால். நம் பள்ளிகளின் நூறும் அவ்வாறே அமைய வேண்டும்.

பொதுநிலையினர் இதில் செய்யக்கூடியது நிறைய உண்டு. பள்ளி விழாக்களிலும் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களிலும் "எத்தனை பேர் தேறினர்?" என்று கேட்கும்போதே, "ஆறாம் வகுப்பில் நம்மிடம் சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினர்?" என்றும் கேட்கலாம். இவ்விரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடே நாம் தேட வேண்டிய ஆடுகளின் எண்ணிக்கை. ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள்களில் பூட்டியே கிடக்கும் பங்கு மன்றங்களை மாலை வகுப்புகளுக்குத் திறந்துவிடலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் அன்பியக் கூட்டங்களில் பெயர் கொடுத்து, எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளை ஒவ்வொருவரையும் ஆளுக்கு ஒருவராக ஏற்றுக்கொள்ளலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. 1991-இல் புதுக்கோட்டைத் தெருக்களில் அமர்ந்தவர்களிடமும் பணம் இருந்ததில்லை.

பெற்றோர்களுக்கும் ஒரு சொல். பலகையில் தம் பிள்ளையின் படம் இல்லையே என்று வீட்டில் ஒரு பிள்ளையை வருத்துவது, இராபர்ட் லோவின் ஆய்வாளரை நம் சமையலறைக்கே அழைத்து வருவதற்கு ஒப்பாகும். இறைவன் ஒவ்வொருவருக்கும் அவரவர் திறமைக்கேற்பத் தாலந்துகளைக் கொடுத்தார் என்று நற்செய்தி கூறுகிறது. இரண்டு பெற்றவர் ஐந்து பெற்றவரோடு ஒப்பிடப்படவில்லை. இருவருக்கும் தலைவரிடமிருந்து ஒரே பாராட்டு, ஒரே மகிழ்ச்சி.

அடுத்த மே மாதத்திலும் பலகைகள் எழும். அவற்றைக் கண்டு மகிழ்வோம். மகிழ்ந்தபின், அதில் படமில்லாத பிள்ளையின் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்து, அங்கே ஒருமுறை சென்று வருவோம்.